தும்

எண்பத்தாறில் எங்கள் கூடத்துக்கு வந்தபோது
தலைமுடி அதிகம், பேச்சு குறைவு.
எக்கெஹார்ட் ஷோய்ஃபெலே, பொறியாளர், கதவுப் பிரிவு.
எஞ்சின் பிரிவுக்காரர்கள் மதியச் சாப்பாட்டில்
எங்களோடு உட்காரமாட்டார்கள்.
கீலும் பூட்டும் ரப்பரும் ஒரு வேலையா என்று நினைப்பு.

நான் ஒலி அளப்பவள்.
எதிரொலியைத் தின்றுவிடும் அறை ஒன்று,
காதுகளில் மைக் பதித்த பொம்மைத் தலை ஒன்று,
இரண்டும் என் பொறுப்பு.
பொம்மைக்கு அவர்தான் பெயர் வைத்தார்: ஆல்வினே.
முன்னாள் மாமியார் பெயராம்.
ஒருமுறை காதில் விழுந்ததை மறக்கவே மாட்டாளாம்.

"வாங்குகிறவன் எஞ்சினையா பார்க்கிறான்?
ஏறி உட்காருகிறான், கதவைச் சாத்துகிறான்.
அந்த அரை நொடியில் முடிவெடுத்துவிடுகிறான்.
மற்றதெல்லாம் வீட்டில் சொல்வதற்கான காரணங்கள்."

'டங்' வேண்டாம், அது தகர டப்பா.
'டப்' வேண்டாம், அது கோபம்.
'லொட லொட' போட்டியாளருக்கே இருக்கட்டும்.
'தும்' வேண்டும்.
மாவு மூட்டையை மரத்தரையில் இறக்கியதுபோல,
இறக்கியவனுக்கு மூச்சே வாங்காததுபோல.

ஐந்து ஆண்டு. நானூற்றுப் பதினேழு பதிவுகள்.
ஸ்வீடனில் உறைந்த ஏரியின்மேல், மைனஸ் முப்பத்திரண்டில்,
ரப்பர் கல்லாகிப் போனது.
கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தார்,
மாட்டுக்காரர் மகன், மடியைத் தடவுவதுபோல.
விரல்தோல் கொஞ்சம் அதிலேயே தங்கிவிட்டது.

சுவர் விழுந்த மறு ஆண்டு
துரிங்கியாவில் ஒரு சிற்றூர் ஆலை,
அதுவரை ஆஸ்பத்திரிகளுக்குக் குழாய் செய்துகொண்டிருந்தவர்கள்,
இரட்டை உதடு வைத்த பட்டை ஒன்றை அனுப்பினார்கள்.
பதிவு எண் 412.
நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல்
மறுபடி போட்டுக் கேட்டோம்.

கதவுக்கு நாற்பத்தோரு ஃபெனிக் கூடுதல்.
கணக்குப் பிரிவோடு அதற்குப் போட்ட சண்டை
மூன்றாம் மாடிவரை கேட்டது.
ஜெயித்துவிட்டு வந்து ஆல்வினேக்கு ஒரு தொப்பி வைத்தார்.

பிறகு ஏறிக்கொண்டே போனார்.
பிரிவுத் தலைவர், சீனாவில் நான்கு வருடம், நிர்வாகக் குழு.
லிப்டில் தனிச் சாவி.
அவர் காரின் கதவை
இப்போது வேறொருவர் சாத்தினார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு சுற்றறிக்கை:
கதவுப் பட்டைக்கு ஒற்றை உதடு போதும்.
மிச்சம், காருக்கு ஒரு யூரோ பன்னிரண்டு சென்ட்,
ஆண்டுக்கு ஆறு லட்சம் கார்.
கீழே கையெழுத்து.
முதலெழுத்தின் அந்த வளைவு எனக்குத் தெரியாததா,
என் பதிவுத் தாள்கள் எல்லாவற்றிலும் அதுதானே.
போட்டுப் பார்த்தேன். கணக்கு சரி.
அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

துரிங்கியாவுக்கு அவரேதான் போனார்,
ஆள் அனுப்பவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.
கேன்டீனில் நூற்று எண்பத்தாறு பேர்.
பேசி முடித்ததும் யூட்டா என்ற ஒருத்தி கேட்டாளாம்:
"உங்கள் காரில் இரண்டு உதடா, ஒன்றா?"
பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்களாம்.
"ஒருத்தர்கூடக் கதவை அறைந்து சாத்தவில்லை, திருமதி நீடரர்."
இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்,
வெவ்வேறு வருடங்களில்.

ஓய்வுபெற்ற அன்று, மேலே விருந்து நடக்கையில்,
கையில் யாரோ கொடுத்த பூங்கொத்தோடு
கீழே இறங்கி வந்தார்.
"412 இருக்கிறதா?"
காதில் எலக்ட்ரானிக் கருவி, தோல் நிறத்தில்.
கழற்றி மேஜைமேல் வைத்தார்.
ஹெட்போனை மாட்டினேன். பதிவை ஓடவிட்டேன்.

"இது இல்லை."

இல்லைதான். ஒற்றை உதட்டைத்தான் போட்டிருந்தேன்,
வேண்டுமென்றே.
அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்,
கோபமே வரவில்லை.
412ஐத் தேடத் திரும்பினேன்.
அதற்குள் பூங்கொத்து ஆல்வினேயின் பக்கத்தில் இருந்தது,
அவர் வாசலில் இருந்தார்.

என் அறைக்கதவு முந்நூறு கிலோ,
சாத்தினால் சத்தமே வராது.
மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.
ஆகையால் 418 என்று ஒன்று இருக்கிறது.
இன்னும் போட்டுக் கேட்கவில்லை.